போனில் இருக்கும் குரலை அழியாமல் எடுத்து வைக்க: கோளாறு வாரியாக வழிமுறை

கூடலூரில் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். குமுளிக்கு ஏறுகிற பஸ்ஸும் ஜீப்பும் கடை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். விடியும் முன்பே ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறிவிடும். சாயங்காலம் அவை இறங்கிய பிறகுதான் எனக்கு வியாபாரம். டிஸ்ப்ளே, சார்ஜிங் பின், பேட்டரி என்று வருகிறவர்களுக்கு நடுவில் அவ்வப்போது ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்பார்: "இதுல எங்க வீட்டுக்காரர் குரல் இருக்கு தம்பி. அழியாம எடுத்துத் தர முடியுமா?"

எங்கள் பக்கம் "வாய்ஸ் மெயில்" என்றால் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுதான். நிஜமான வாய்ஸ் மெயில், அதாவது போனை எடுக்காதபோது கம்பெனியின் பெட்டியில் பேசி வைப்பது, வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் மட்டும் புழங்குகிறது. இரண்டையும் எடுக்கலாம், வழிதான் வேறு.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஒன்று: வாட்ஸ்அப்பை அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள், "கிளியர் டேட்டா" கொடுக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். குரல் என்பது சாட்டுக்குள் மிதக்கும் மாயம் அல்ல, போனுக்குள் ஓர் இடத்தில் கிடக்கும் ஃபைல். அசல் ஃபைலை வேறோர் இடத்துக்குக் காப்பி செய்துவிட்டால், அதற்கப்புறம் என்ன தப்பு செய்தாலும் சரிசெய்துகொள்ளலாம். என்னிடம் வந்து ஏமாந்து திரும்பியவர்களில் முக்கால்வாசிப் பேர், யாரோ சொன்னார்கள் என்று அன்இன்ஸ்டால் செய்துவிட்டு வந்தவர்கள்.

"மியூசிக் பிளேயரில் தேடினேன், காணோம்"

காணாமல் போகவில்லை, ஒளிந்திருக்கிறது. குரல் பதிவுகள் பாட்டுப் பட்டியலில் வந்து கலக்கக் கூடாது என்பதற்காக, அந்த ஃபோல்டருக்குள் "நோமீடியா" என்று ஒரு காலி ஃபைலை வாட்ஸ்அப்பே போட்டு வைத்திருக்கும். அதைப் பார்த்ததும் மியூசிக் பிளேயர் உள்ளே போகாமல் திரும்பிவிடும். அதனால் ஃபைல் மேனேஜர் வழியாகப் போக வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனில் பாதை இது: போனின் உள் மெமரி, அதில் "ஆண்ட்ராய்டு", அதற்குள் "மீடியா", அதற்குள் "காம்" என்று தொடங்கி வாட்ஸ்அப் பெயரில் முடியும் ஃபோல்டர், பிறகு "வாட்ஸ்அப்", மறுபடி "மீடியா", கடைசியில் "வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்". பழைய போன்களில் உள் மெமரியைத் திறந்ததுமே "வாட்ஸ்அப்" ஃபோல்டர் தெரியும், அங்கிருந்து தொடங்கலாம். உள்ளே போனால் 202315, 202316 என்று எண்களாக இருக்கும். மிரள வேண்டாம். முதல் நான்கு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. வாரத்தைத் திறந்தால் "பிடிடி" என்று தொடங்கும் ஃபைல்கள் வரிசையாக இருக்கும். பெயரின் நடுவில் உள்ள எட்டு இலக்கம் தேதி. 20230412 என்றால் 2023 ஏப்ரல் 12.

காப்பி செய்யுங்கள், "மூவ்" செய்யாதீர்கள். மூவ் செய்தால் சாட்டில் அந்தப் பதிவை அழுத்தும்போது ஃபைல் இல்லை என்று சொல்லிவிடும். யூஎஸ்பி கேபிள் போட்டு "வாய்ஸ் நோட்ஸ்" ஃபோல்டரை அப்படியே கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொள்வது எல்லாவற்றிலும் உத்தமம். கேபிள் போட்டும் கம்ப்யூட்டரில் போன் தெரியவில்லையா? போனின் மேல்பக்கத்து அறிவிப்பைத் தட்டி "சார்ஜிங்" என்பதை "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்று மாற்றுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் கேபிள்தான் காரணம். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது.

ஐபோனில் இப்படி ஃபோல்டருக்குள் நுழைய முடியாது. பதிவை அழுத்திப் பிடித்து "ஃபார்வர்ட்" கொடுத்தால் கீழே மூலையில் ஷேர் குறி வரும். அதைத் தொட்டு "சேவ் டு ஃபைல்ஸ்". நிறைய இருந்தால் பொறுமை வேண்டும்.

"எடுத்துவிட்டேன், ஆனால் எது யாருடையது?"

வாய்ஸ் நோட்ஸ் ஃபோல்டரில் பெயர் கிடையாது. மனைவி பேசியது, தோட்டத்து கங்காணி பேசியது, பள்ளிக்கூட குரூப்பில் வந்தது, நீங்களே அனுப்பியது எல்லாம் ஒரே குவியல். ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிரிப்பேன் என்று உட்கார்ந்தால் வாரம் ஓடிவிடும்.

வேண்டியவரின் சாட்டைத் திறந்து, மேலே மூன்று புள்ளி, "மோர்", "எக்ஸ்போர்ட் சாட்", "இன்க்ளூட் மீடியா". ஒரு பொட்டலம் உருவாகும். அதில் குரல் ஃபைல்களோடு ஒரு எழுத்து ஃபைலும் இருக்கும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யார் அனுப்பியது, அதன் ஃபைல் பெயர் என்ன என்பதெல்லாம் வரிவரியாக அதில் இருக்கும். ஃபோல்டரில் கிடைக்காத நேரம் இங்கே கிடைக்கிறது. என்னைக் கேட்டால் குரலைவிட இந்த எழுத்து ஃபைலைத்தான் முதலில் பத்திரப்படுத்தச் சொல்வேன்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. மீடியாவோடு எடுத்தால் கடைசி 10,000 செய்திகள்தான் வரும். நிறையப் பேசியவர்களுக்குப் பழைய காலம் வெட்டுப்பட்டுவிடும். எழுத்து மட்டும் என்றால் 40,000 வரை வரும். ஆகவே நான் இரண்டு தடவை எடுப்பேன். மீடியாவோடு ஒன்று, மீடியா இல்லாமல் ஒன்று. பழைய ஃபைல்களை ஃபோல்டரிலிருந்து எடுத்து, எழுத்தில் உள்ள தேதியோடு ஒப்பிட்டுப் பிரித்துக்கொள்ளலாம். பொட்டலத்தை மெயிலில் அனுப்பப் பார்க்காதீர்கள், ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் போகாது. கூகுள் டிரைவில் போடுங்கள்.

எக்ஸ்போர்ட் செய்ய விடவே மாட்டேன் என்கிறதா? அந்த சாட்டில் யாரோ "அட்வான்ஸ்டு சாட் பிரைவசி" போட்டிருக்கலாம். 2025இல் வந்த வசதி. அதை நிறுத்தினால் வழி திறக்கும்.

"அம்புக்குறி மட்டும் காட்டுகிறது, இறங்க மாட்டேன் என்கிறது"

குரல் பதிவு தானாகவே இறங்கிவிட வேண்டும், அதுதான் வழக்கம். இறங்கவில்லை என்றால் மூன்று இடம் பாருங்கள். மெமரி நிறைந்திருக்கிறதா, போனில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா. நடுவில் உள்ளதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பேட்டரி முழுக்கச் செத்து உயிர்த்த பழைய போனில் தேதி எங்கேயோ போய் நிற்கும். வாட்ஸ்அப் அதோடு ஒத்துப்போகாது.

சிக்னல் எங்கள் ஊர்க் கதை. வண்டன்மேட்டுப் பக்கம் தோட்டத்து லயத்தில் தங்குகிறவர்களின் போன், மேட்டில் ஒரு பாறை மேல் நின்றால்தான் பேசும். அனுப்பிய செய்தி சேரவில்லை என்றால் வாட்ஸ்அப் அதை 30 நாள்தான் தன் சர்வரில் வைத்திருக்கும், அப்புறம் அழித்துவிடும். மலைமேல் இரண்டு மாதம் போனை அணைத்து வைத்துவிட்டு இறங்கியவருக்கு இடையில் வந்தது போனதுதான்.

ஆனால் அது உங்கள் போனில் மட்டும்தான் இல்லை. அனுப்பியவர் போனில் அசல் இருக்கும். அவர் இருந்தால் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அவர் இறந்துவிட்டார் என்றால் அவருடைய போனைத் தேடுங்கள். "யாருக்கும் உதவாது" என்று பீரோவில் கிடக்கும் அந்த போனைப் பழைய சாமான் விலைக்கு விற்றுவிடாதீர்கள். பயன்படுத்தாத சிம்மை 90 நாளுக்கு மேல் கம்பெனி நிறுத்திவிடலாம், 120 நாள் அசையாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்படும். ஆனாலும் அந்த போனுக்குள் ஏற்கெனவே கிடக்கும் ஃபைல்கள், ஆப்பை அழிக்காத வரை அங்கேயே இருக்கும். நெட்டைப் போடாமல், சார்ஜ் ஏற்றி, கேபிள் வழியாக ஃபோல்டரை எடுங்கள். பின் நம்பர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நானும் ஒன்றும் செய்ய முடியாது.

"ப்ளே பண்ணினால் திரை கருப்பாகிறது, சத்தமும் இல்லை"

ஃபைலில் கோளாறு இல்லை, கண்ணாடியில். போனைக் காதில் வைத்தால் திரை அணைந்து, சத்தம் காது ஸ்பீக்கருக்கு மாறுவதற்காக மேலே ஒரு சென்சார் இருக்கிறது. டெம்பர் கிளாஸ் விளிம்பு அதன் மேல் வந்தாலோ அழுக்கு சேர்ந்தாலோ, காதில் வைத்திருப்பதாக போன் நினைத்துக்கொள்கிறது. மேல் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள், இல்லையேல் கிளாஸை உரித்துப் பாருங்கள். இதற்காக "ஸ்பீக்கர் போச்சு" என்று காசு கேட்பவரிடம் சிக்காதீர்கள்.

"பென் டிரைவில் போட்டேன், ஜீப்பில் பாடவில்லை"

வாட்ஸ்அப் குரல் "ஓபஸ்" என்ற வகை. 2012இல் தர நிர்ணயம் ஆன நல்ல முறை. பேச்சைச் சின்ன அளவில் அடக்குவதில் கெட்டிக்கார முறை. ஆனால் வண்டி ஸ்டீரியோவுக்கும் பழைய டிவிக்கும் அது தெரியாது, எம்பி3தான் தெரியும். கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற பிளேயரைத் திறந்து "கன்வர்ட்" கொடுத்து எம்பி3 ஆக்கிக்கொள்ளுங்கள். ஓபஸ் ஃபைல் உள்ளுக்குள் "ஓஜிஜி" கூட்டில்தான் இருக்கிறது. அதனால் சில பிளேயர்களுக்குப் பெயரின் வாலை மட்டும் ஓஜிஜி என்று மாற்றினாலே பாடிவிடும். ஆனால் வெறுமனே எம்பி3 என்று பெயர் மாற்றிவிட்டு "பாடலையே" என்று வராதீர்கள். சட்டையை மாற்றினால் ஆள் மாறுவதில்லை.

எம்பி3 ஆக்கியும் பாடவில்லை என்றால் பென் டிரைவை "ஃபேட்32" முறையில் ஃபார்மட் செய்து திரும்பப் போடுங்கள். அதில் வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு.

எம்பி3 கேட்பதற்கு மட்டும்தான். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கழியும். ஓபஸ் அசல் ஒரு பக்கம் அப்படியே இருக்கட்டும். திருத்தி வேலை செய்ய வேண்டும் என்றால் "வேவ்" ஆக மாற்றுங்கள், அதில் இழப்பு இல்லை. சிடி தரத்தில் ஒற்றைத் தடம் நிமிடத்துக்கு 5 எம்பி சொச்சம் பிடிக்கும், அவ்வளவுதான்.

பென் டிரைவ் என்றதும் ஞாபகம். திருவிழாக் கடையில் முந்நூறு ரூபாய்க்கு "2 டிபி" என்று ஒன்று வாங்கினேன். காப்பி ஆனது, பெயர்கள் தெரிந்தன, திறந்தால் பாதிக்கு மேல் வெறும் காற்று. உள்ளே இருந்தது சின்ன சிப், போட்டிருந்தது பெரிய கணக்கு. நல்லவேளை, அது என் சொந்தப் பாட்டுகள். காப்பி முடிந்ததும் டிரைவைக் கழற்றி, திரும்பச் செருகி, கடைசியில் உள்ள நாலைந்து ஃபைல்களைத் திறந்து கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது என்று அன்றைக்கு வைத்த வழக்கம் இன்றும் இருக்கிறது.

"வெளிநாட்டு வாய்ஸ் மெயில். ரெக்கார்ட் பண்ணினால் உர்ர்ர் என்கிறது"

அமெரிக்காவில் இருக்கும் மகனின் ஐபோனில், கம்பம் ஊரில் இருக்கும் அம்மா பேசிய வாய்ஸ் மெயில் இருக்கிறது என்று வையுங்கள். அவர் போன் ஆப்பில் "வாய்ஸ்மெயில்" பக்கம் போய், அந்தச் செய்தியைத் தொட்டு, ஷேர் குறி வழியாக ஃபைல்ஸில் சேமிக்கலாம். அழித்துவிட்டார் என்றால் பட்டியலின் அடியில் "டெலீட்டட் மெசேஜஸ்" இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி மாற்றும் முன், நம்பரை மாற்றும் முன் இதைச் செய்துவிட வேண்டும். பெட்டி கம்பெனியுடையது, கணக்கு போனால் பெட்டியும் போகும்.

நம்பர் போட்டு, கடவு எண் அழுத்திக் கேட்கும் பழைய வகையில் எடுக்க ஃபைலே கிடையாது. ஓடவிட்டுப் பதிவு செய்வதுதான் வழி. ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு போனின் ரெக்கார்டரைப் பக்கத்தில் வைப்பது சுலபம். மின்விசிறியை நிறுத்துங்கள், இரண்டையும் மடித்த போர்வை மேல் வையுங்கள். இதைவிட நல்லது ஹெட்போன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு கேபிள். அப்போதுதான் அந்த உர்ர்ர் வரும். நம் கரண்டு நொடிக்கு 50 தடவை ஆடுகிறது, அந்த ஆட்டம் சார்ஜர் வழியாகப் பதிவில் நுழைகிறது. போனையும் லேப்டாப்பையும் சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும். சத்தம் கரகரவென்று உடைந்தால் போனின் வால்யூமைப் பாதிக்குக் குறையுங்கள். உடைந்து பதிவானதைப் பிறகு யாராலும் ஒட்ட முடியாது, சத்தம் குறைவாகப் பதிவானதை ஏற்றிக்கொள்ளலாம்.

"இரைச்சலை எடுத்தேன், தண்ணிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது"

அதிகமாக எடுத்துவிட்டீர்கள். பழைய போன் லைனில் குரல் 300 ஹெர்ட்ஸ் முதல் 3,400 வரைதான் வரும். அந்த வாய்ஸ் மெயிலில் அதற்குக் கீழும் மேலும் இருப்பது வெறும் இரைச்சல், தைரியமாக வெட்டலாம். அந்த எல்லைக்குள் கை வைக்கும்போதுதான் குரலும் சேர்ந்து கழியும். கம்ப்யூட்டரில் ஒலியைத் திருத்தும் "ஆடாசிட்டி" ஆப்பில் இரைச்சல் குறைப்பை 6 டெசிபலில் தொடங்குங்கள், 12ஐத் தாண்டாதீர்கள்.

நானே இதில் பட்டிருக்கிறேன். தோட்ட வேலைக்குப் போகும் ஓர் அக்கா, இறந்துபோன கணவரின் பதிவு ஒன்றைக் கொண்டுவந்தார். பதினேழு நொடி. "அரிசி வாங்கிட்டேன், நீ வந்து உலை வைக்க வேண்டாம், நான் வச்சிடுறேன்." பின்னால் ஜீப் சத்தம், யாரோ ஆளை ஏற்றக் கூப்பிடும் சத்தம். ராத்திரி உட்கார்ந்து அதையெல்லாம் சுத்தமாக வழித்து எடுத்தேன். மறுநாள் கேட்டுவிட்டு அந்த அக்கா போனைத் திருப்பிப் பார்த்தார்.

"இது அவருதான். ஆனா எங்க நின்னு பேசுறாரு?"

"சத்தத்தை எடுத்துட்டேன்க்கா, குரல் தெளிவா இருக்கட்டும்னு."

"ஸ்டாண்டுல நின்னு பேசினாரு தம்பி. அந்த ஜீப்புலதான் நான் இறங்கினேன்."

அசல் இருந்ததால் தப்பித்தேன். இப்போது திருத்தியதையும் அசலையும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன்.

"ஒரு தடவைக்கு மேல் கேட்க விடவில்லை"

ஒரு முறை மட்டும் என்று போட்டு அனுப்பிய பதிவைச் சேமிக்கவோ ஃபார்வர்ட் செய்யவோ முடியாது. அனுப்பியவர் விருப்பம் அது, மதிப்போம். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மறையும் சாட்டாக இருந்தால், மறையும் முன் அழுத்திப் பிடித்து "கீப்" கொடுக்கலாம். அனுப்பியவர் வேண்டாம் என்றால் அதையும் நீக்கிவிடலாம்.

"அழித்துவிட்டேன்"

உடனே நெட்டை அணையுங்கள். காரணம் இருக்கிறது. கூகுள் பேக்கப் போட்டிருந்தால் அழிப்பதற்கு முந்தைய நிலை அதில் இருக்கும். இன்றிரவு புது பேக்கப் ஓடினால் அதன் மேல் எழுதிவிடும். வாட்ஸ்அப் அமைப்பில் கடைசி பேக்கப் எப்போது என்று பாருங்கள். அழித்ததற்கு முந்தையது என்றால் நம்பிக்கை உண்டு. ஆனால் திரும்பப் பெற ஆப்பை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அதற்கு முன் போனில் மிச்சமுள்ள மொத்த வாட்ஸ்அப் ஃபோல்டரையும் கம்ப்யூட்டருக்கு எடுத்துவிடுங்கள். பேக்கப்புக்குக் கடவுச்சொல் போட்டு மறந்திருந்தால் கதை முடிந்தது. 64 இலக்கச் சாவி வைத்துத் தொலைத்திருந்தாலும் அதே.

போனுக்குள்ளேயே தினமும் சேமிக்கப்படும் பேக்கப் வேறு. அதில் எழுத்து மட்டும்தான், குரல் இருக்காது. இணையத்தில் விளம்பரம் செய்யும் "ரெக்கவரி" ஆப்களுக்குப் பணம் கட்டாதீர்கள். இன்றைய போன்களில் உள் மெமரி பூட்டுப் போட்டே எழுதப்படுகிறது, அழித்தது பெரும்பாலும் திரும்புவதில்லை.

"எல்லாம் இருக்கிறது, தேதிதான் போய்விட்டது"

போன வருஷம் ஒரு பையன் வந்தான். வேறெங்கோ கொடுத்து எடுத்த அப்பாவின் பதிவுகள் ஆடியோ 1, ஆடியோ 2 என்று நாற்பது வரை இருந்தன. பெயர் மாற்றிவிட்டார்கள், அசல் போனும் இல்லை. ஃபைலின் உள் தேதியும் காப்பி செய்த நாளைத்தான் காட்டியது. அப்பா சின்னதாக ஏலக்காய் வியாபாரம் செய்தவர். மலைமேல் புத்தடியில் ஏலக்காய் ஏலம் முடிந்ததும் வீட்டுக்கு விலையைச் சொல்லி அனுப்புவது வழக்கமாம்.

ஒவ்வொன்றாகக் கேட்டோம். பாதியில் ஒன்றில் அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "ஏழாயிரத்தைத் தொட்டிருச்சுடா, வித்துட்டு உட்கார்ந்திருக்கேன்." கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது 2019 ஆகஸ்டு தொடக்கத்தில். அதை அடையாளமாக வைத்துக்கொண்டு, விலை ஏறுவதையும் இறங்குவதையும் பழைய பேப்பர்களோடு ஒப்பிட்டு, முன்னும் பின்னுமாக முப்பத்தொன்றுக்குத் தேதி போட்டோம். ஆண்டு, மாதம், நாள், பிறகு யார், எதைப் பற்றி என்ற வரிசையில் பெயர் வைத்தால் கம்ப்யூட்டர் தானாக அடுக்கிக்கொள்ளும். மிச்சம் ஒன்பதில் விலையே இல்லை. "சாப்டியா, மழையா இருக்கு, பாத்துப் போ" என்றுதான் இருந்தது. அவற்றுக்கு முன்னால் 0000 என்று போட்டு வைத்தோம். அவைதான் இப்போது பட்டியலில் முதலில் நிற்கின்றன.